தொட்டில் மலைக்குப் பேர் வந்த கதை

மெல்பர்ன் விமான நிலையத்தில் ஒரு பழுப்பு நிற நாய் என் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. குரைக்கவில்லை. என்னை அன்பாகத்தான் பார்த்தது. கூட வந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேட்டிகளுக்கு நடுவில் என் மனைவி செல்லம்மாள் வைத்து அனுப்பிய சின்னப் பொட்டலம் இருந்தது. சங்கரன்கோவில் புற்றுமண்.

“இது என்ன?” என்றார்.

“மண்.”

“மண்ணா?”

“கோயில் மண். உடம்புக்கு நல்லது.”

விமானத்தில் தந்த அட்டையில் எல்லாவற்றையும் மறைக்காமல் குறித்திருந்ததால் தண்டம் போடவில்லை. ஆனால் வெளி மண் இந்த நாட்டுக்குள் வரக் கூடாதாம். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்குமாம். பொட்டலத்தை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “யாருக்காகக் கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்டார். மகளுக்கு என்றேன். “அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழிலும் இல்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு வந்தேன்.

என் மகள் கோமதி டாஸ்மேனியா தீவில் லான்செஸ்டன் என்ற ஊரில் இருக்கிறாள். அம்மன் பேர் என்பதால் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அந்த ஊரில் இவள் ஒருத்திதான். மருமகன் செந்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவேங்கடத்துக்காரர். அங்கே ஒரு பால் தொழிற்சாலையில் வேலை. தை மாதத்தில் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம். பிறக்கும்போதே உயிர் இல்லை.

செல்லம்மாள் முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி நடக்க முடியாமல் இருந்தாள். விசா வந்ததும் நான் மட்டும் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு ஆட்டோ ஏறும்போது அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவகிட்ட அந்தப் பேச்சையே எடுத்துராதீய. பிள்ளை மறந்துட்டு வாரா. நீங்க போயி கிளறி விட்டுராதீய.”

“நான் என்னத்தப் பேசப் போறேன்?” என்றேன்.

உண்மைதான். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரி போகும் வண்டியில் வெகு காலம் ஓடினேன். நாளெல்லாம் ஊர்ப்பேர்களைக் கூவியே தொண்டை தேய்ந்தவன். வீட்டில் எனக்குப் பேச்சு குறைவு.

லான்செஸ்டனில் இறங்கியபோது குளிர் காதைப் பிடித்துத் திருகியது. ஊரில் சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருக்கும். இங்கே இலையுதிர் காலம். மருமகன் எனக்கு ஒரு கனத்த கோட்டைப் போட்டுவிட்டார். அதற்குள் நான் வேறு யாரோ மாதிரி இருந்தேன். கோமதி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். போட்டோவுக்குச் சிரிப்பதுபோல. “பிளைட்டுல சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். “சாப்பிட்டேன் மக்கா” என்றேன்.

அவர்கள் வீட்டில் ஒரு அறை மூடியே இருந்தது. அது எதற்காக வைத்திருந்த அறை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்க வீட்டில்தான். இட்லி மாவு ஆட்டி வைத்தால் அந்தக் குளிரில் அது பொங்குவேனா என்றது. பிறகு கோமதி அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை அதற்குள் வைத்தாள். மத்தியானம் செந்தில் வெளியே போய் ஸ்காலப் பை வாங்கி வந்தார். சிப்பிக்குள் இருக்கும் சதையை மஞ்சள் குழம்பில் போட்டு மாவுக்குள் மூடிச் சுட்ட பலகாரம். குழம்புக்கு உண்டான நிறம் இருந்தது, காரம் மட்டும் எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஆனாலும் நான் இரண்டு தின்றேன். கோமதி ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே வேலிமேல் பக்கத்து வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஆப்பிள்கள் இருந்தன. அவளுக்கு இப்படி ஒரு வழக்கம் வந்திருந்தது: பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

அன்று சாயங்காலம் செந்தில் பின்கட்டில் வைத்து மெதுவாகச் சொன்னார், “மாமா, இவ வெளிய வந்தே ரொம்ப நாளாச்சு. கார் சாவியத் தொடுறதில்ல. நீங்க கூப்பிட்டா வருவான்னு நெனக்கேன்.”

நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை காப்பியைக் கையில் தந்துவிட்டு அவளே கேட்டாள்: “அப்பா, மலைக்குப் போவமா? ஒருநா அங்கேயே தங்கிட்டு வரலாம்.”

எந்த மலை என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன்.

கிளம்பும் நேரத்தில் செந்திலுக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. ஏதோ எந்திரம் நின்றுவிட்டது. அவர் கோமதியைப் பார்த்தார். அவள் வெளியே நின்ற காரைப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

நகரம் முடிந்ததும் பச்சைப் புல்வெளி. அதில் வெள்ளாடு இல்லை, எல்லாம் செம்மறி. ஒவ்வொன்றும் நம் ஊர்க் கன்றுக்குட்டி கனம். மனிதர்களே தென்படவில்லை. ஒரு பெட்டிக்கடை இல்லை, ஒரு டீக்கடை இல்லை. இவ்வளவு அகலமான பூமியை இவர்கள் யாரை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மேகம் தரையில் மேய்ந்துகொண்டிருந்தது. காருக்குள் அரைத் தூக்கத்தில் போகிற மாதிரி இருந்தது.

நடுவில் போனில் வழி காட்டிக்கொண்டிருந்த பெண் திடீரென்று வாயடைத்துப் போனாள். சிக்னல் இல்லை. கோமதி ஒரு கப்பி ரோட்டில் திரும்பிவிட்டாள். அது ஒரு பண்ணை வாசலில் போய் முடிந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கிழவர் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து அவருக்கு எந்த வியப்பும் இல்லை. “எல்லோரும் இங்கேதான் வருவார்கள்” என்றார். பிறகு கையை நீட்டினார். மேகம் விலகிய இடத்தில் ஒரு பெரிய பாறை மலை, கோட்டைச் சுவர்போல நின்றது. “அதுதான் ரோலண்ட். அதை இடப்பக்கம் விட்டுக்கொண்டே போங்கள். அது உங்களைத் தொலைக்காது.”

ரோலண்ட் என்றால் என்ன என்று நான் கேட்டேன். யாரோ ஒரு கேப்டன், வழி தேடி வந்தவர் என்றார் கிழவர். “அவரும் வழி தெரியாமல்தான் வந்திருப்பார். உங்களை மாதிரி.”

எனக்கு அது பிடித்திருந்தது. ராயகிரி வண்டியில் போகும்போது மேற்கே மலை கூடவே வரும். எத்தனையோ முகடு. ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கும், அடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்த எங்களுக்கு எல்லாமே மலைதான். இங்கே பலகைக்குப் பலகை பேர் எழுதி வைத்திருந்தார்கள். நான் பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“ஏட்டி,” என்றேன், “நாம போற மலைக்கு என்னமோ பேர் போட்டிருக்கே, கிரேடில் மவுண்டன்னு. கிரேடில்னா என்ன?”

கோமதி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“தொட்டில்ப்பா,” என்றாள்.

செல்லம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. கிளறி விட்டுராதீய.

“திரும்பிருவமா மக்கா? வேற எங்கயாச்சும் போவோம்.”

“நாந்தானப்பா இங்க போகணும்னேன்,” என்றாள். “போவோம்.”

அன்று மலையடிவாரத்தில் மரத்தால் ஆன ஒரு குடிலில் தங்கினோம். சாயங்காலம் வாசலுக்கு முன்னால் வோம்பட் என்ற பிராணி வந்து புல் தின்றது. கரடிக் குட்டியையும் பெருச்சாளியையும் சேர்த்துப் பிசைந்த உருவம். நாங்கள் இருப்பதையே அது சட்டை செய்யவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் குறையக் குறைய அது ஒரு உருண்டைக் கல்லாக மாறியது. பிறகு அதுவும் இல்லை.

காலையில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை. மலைக்குச் சொந்த வண்டியை விடமாட்டார்கள். பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டு அவர்கள் பஸ்ஸில் போக வேண்டும். ஓட்டுநரே எல்லாம், நடத்துநர் கிடையாது. ஏறும் ஒவ்வொருவருக்கும் அவர் காலை வணக்கம் சொன்னார். எல்லோரும் இறங்கும்போது அவருக்கு நன்றி சொன்னார்கள். என் சர்வீஸில் யாராவது எனக்கு நன்றி சொல்லியிருந்தால் சில்லறையை மறந்துவிட்டுப் போகிறார் என்று நான் பின்னால் ஓடியிருப்பேன்.

பஸ் கடைசியாக டவ் ஏரிக்கரையில் நின்றது. கரையில் மழைக்கு ஒதுங்கக் கல்லால் கட்டிய ஒரு காப்பிடம். ஏரியைப் பார்க்கக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அப்பால் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. பனிதான். நாங்கள் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் கிடந்தது. புல் வேரில் ஊறி வருவதால் அப்படி என்று கோமதி சொன்னாள். கரையில் நம் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, இலையெல்லாம் தங்க நிறம். பனிக்குள் அது தனியாக விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் பேசியது எங்களுக்கே வேறு எங்கிருந்தோ கேட்டது.

ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பையைக் கீழே வைத்தேன். எள்ளுப் பொடி தடவிய இட்லி, காலையில் குடிலிலேயே அவித்தது. கை கழுவிவிட்டுத் திரும்பினால், காக்கையைவிடப் பெரிய ஒரு கறுப்புப் பறவை, மஞ்சள் கண், பையின் ஜிப்பை அலகால் பிடித்து அழகாக இழுத்துத் திறந்துகொண்டிருந்தது. கிழிக்கவில்லை. திறந்தது. நான் “ஏலே! ஏலே!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அது ஒரு முழு இட்லியைக் கவ்விக்கொண்டு பனிக்குள் போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று வந்து பொடி டப்பாவைத் தட்டிவிட்டது.

கோமதி சிரித்தாள். முதலில் லேசாக. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அதுக்கு ஏலேன்னா தெரியுமாப்பா?” என்றாள். அந்தச் சிரிப்பு வேறு எதற்கோ மாறிவிடுமோ என்று பயந்துகொண்டு நானும் சிரித்தேன்.

தூறல் விழுந்ததும் காப்பிடத்துக்குத் திரும்பினோம். அங்கே நரைத்த முடியைப் பின்னிப்போட்ட ஒரு அம்மாள் காக்கி உடையில் நின்றிருந்தார். அந்த வனத்தின் ரேஞ்சர். பறவை திருடிய கதையைக் கேட்டு, “ஜிப் திறக்க அவை குஞ்சுகளுக்குச் சொல்லித் தருகின்றன” என்றார். இன்றைக்கு மலை கண்ணில் படுமா என்று கேட்டோம். “மலை அங்கேதான் இருக்கிறது. நேரம் இருக்கிறதா உங்களுக்கு?” என்றார். இருந்தது.

சுவரில் பெரிய வரைபடம் ஒன்று. நான் பேர்களைப் படித்துக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். பிரெஞ்சுக்காரன் தொப்பி என்று ஒரு சிகரம்: வெள்ளைப் பாறை, ஒரு பக்கம் செங்குத்து, தூரத்திலிருந்து பார்த்தால் சரித்து வைத்த தொப்பி. வைக்கோல் கொட்டகைபோல இருந்ததால் இன்னொன்றுக்குக் கொட்டகைப் பாறை. ஒரு நில அளவையர் கிரேக்கப் புராணப் பித்துப் பிடித்தவர்; ஒலிம்பஸ், பீலியன், ஓசா என்று தேவர்களின் மலைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டார். இன்னொரு பக்கம் எருசலேமின் மதில்கள். அதற்குள் ‘கோயில்’ என்று ஒரு சிகரம்.

“வெறும் கோயிலா?” என்றேன். பேரிலேயே கோயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரன் பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

“வெறும் கோயில்தான்,” என்றார். “டவ் என்றதும் இந்த ஏரியை எல்லோரும் புறா ஏரி என்று நினைப்பார்கள். பறவை இல்லை, அது யாரோ ஒருவருடைய குடும்பப் பேர் என்று சொல்வார்கள். ஹோபார்ட் நகரத்துக்கு மேல் நிற்கும் மலைக்கு இங்கிலாந்துப் படைத்தளபதி ஒருவர் பேர். அவர் இந்தத் தீவுப் பக்கமே வந்ததில்லை.”

“இந்த மலை?” கோமதிதான் கேட்டாள். இங்கிலீஷில், மெல்லிய குரலில். “இதற்கு ஏன் இந்தப் பேர்?”

எனக்கு வரைபடத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை.

“இரண்டு விதமாகச் சொல்வார்கள்,” என்றார் ரேஞ்சர். “தங்கம் எடுப்பவர்கள் மணலை ஆட்டிச் சலிக்கும் பெட்டிக்கும் தொட்டில் என்றுதான் பேர். அதுபோல இருப்பதால் என்பார்கள். ஆனால் பேர் வந்தபோது இங்கே யாரும் தங்கம் தோண்ட ஆரம்பிக்கவில்லை. அதனால் நான் குழந்தைத் தொட்டில்தான் என்பேன். யாரோ ஒருவர் வெகு தூரத்தில் நின்று பார்த்து வைத்த பேர்.”

“அதற்கு முன்னால்?”

“அதற்கு முன்னால் இங்கே எத்தனையோ ஆயிரம் ஆண்டு மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களை அடித்துத் துரத்தினார்கள். பேச்சும் பறிபோயிற்று. அவர்கள் வழிவந்தவர்கள் இப்போது சொல் சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுகிறார்கள். ஹோபார்ட் மலைக்கு அவர்கள் பேர் திரும்ப வந்துவிட்டது, குனான்யி. பலகையில் அதுதான் முதலில். இந்த மலைக்கு அவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியாது.” அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேர் இல்லாமல் இருந்திருக்காது.”

யாரோ கூப்பிட, அவர் வெளியே போனார்.

கோமதி கண்ணாடியருகே போய் நின்றாள். இந்தத் தடவை நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு தண்ணீர் வந்தது. பிறகு தண்ணீருக்கு மேல் ஒரு கோடு. யாரோ மெதுவாக மூச்சு விட்டதுபோலப் பனி கலைந்து, மேலே, நான் எதிர்பார்த்ததைவிட வெகு மேலே, மலை இருந்தது. இரண்டு பக்கமும் கூரான முகடுகள். நடுவில் தொய்ந்து இறங்கிய ஒரு வளைவு. மரத் தொட்டில் மாதிரி எனக்குத் தெரியவில்லை. உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் மாதிரித்தான் இருந்தது, உள்ளே கனம் இருக்கும்போது தொய்வதுபோல.

“வடிவு,” என்றாள் கோமதி.

மலையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “ஆமா மக்கா, நல்ல வடிவு,” என்றேன்.

“இல்லப்பா. பாப்பா பேரு.”

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் மலையைப் பார்த்தபடியே பேசினாள்.

“வயித்துல அசைய ஆரம்பிச்சதுமே வச்சுட்டேன். உங்க மருமகன்தான் பழைய காலத்துப் பேருன்னு சிரிச்சாவ. நான் அப்படித்தான் கூப்பிட்டுட்டு இருந்தேன். சமைக்கும்போது, பஸ்ஸுல போகும்போது. ஆஸ்பத்திரில கேட்டாங்கப்பா, பிள்ளைக்கு பேர் என்னன்னு. வாய் தொறக்கல. இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம் யாருமே கேக்கல. நீங்களும் கேக்கல, அம்மையும் கேக்கல.”

கேட்டால் வலிக்கும் என்று இருந்தோம் என்று சொல்ல வந்தேன்.

“வடிவு,” என்று மட்டும் சொன்னேன். சொல்லிப் பார்த்தபோது, அதுவரை எனக்கு ஒரு செய்தியாக இருந்தது ஒரு பிள்ளையாக மாறியது. என் பேத்தி. வடிவு. கோமதி என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேஞ்சர் திரும்பி வந்து, “கிடைத்ததா உங்கள் மலை?” என்றார்.

என் இங்கிலீஷ் எவ்வளவு தேறும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “என் பேத்தி பேர் வடிவு.”

அவர் “வதிவூ” என்றார். கோமதி திருத்தினாள். மறுபடி சொன்னார். மறுபடி திருத்தினாள். மூன்றாவதாகச் சரியாக வந்தது. “அழகான பேர். அவளையும் கூட்டி வந்திருக்கிறீர்களா?” என்றார்.

“பிறக்கும்போதே போய்விட்டாள்,” என்றாள் கோமதி. குரல் உடையவில்லை.

அந்த அம்மாள் வருத்தம் தெரிவிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “வடிவு” என்று இன்னொரு தடவை சரியாகச் சொன்னார். “என்ன அர்த்தம்?”

“அழகு,” என்றாள் கோமதி. “உருவம் என்றும் சொல்லலாம்.”

மூன்று பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பனி மறுபடி வந்து மூடியது. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

பார்வையாளர் மையத்துக்கு வந்த பிறகுதான் போனில் சிக்னல் கிடைத்தது. சாப்பாட்டுக் கடையின் மூலையில் உட்கார்ந்து கோமதி ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலைப் பலகாரம் முடிந்த நேரம். செல்லம்மாள் முகம் திரை முழுக்க வந்தது. பின்னால் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் கேட்டது. “அங்கன குளிரா? அப்பா கோட்டு போட்டிருக்காவளா? என்ன சாப்பிட்டீய?” என்று அடுக்கினாள்.

“யம்மா,” என்றாள் கோமதி. “பாப்பா பேரு வடிவு.”

தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் திரையில் தெரியாதபடி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். செல்லம்மாள் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“வடிவா?” என்றாள். “யாரு சாடைட்டி அவ?”

கோமதி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

“மூக்கு நம்ம அப்பா மூக்குமா. அச்சு அசல். முடி நெறைய இருந்துச்சு, சுருட்டை முடி. நகமெல்லாம் வளந்திருந்துச்சு. விரல் எவ்ளோ நீளம் தெரியுமா…”

நடுவில் நிறுத்தி, சொல்லலாமா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“சொல்லுட்டி,” என்றாள் செல்லம்மாள் திரைக்குள்ளிருந்து. “இன்னும் சொல்லு.”